வாசகர் கேள்வி – பதில்: பணம் வாங்குவதற்கு ரகசிய எண் எதற்கு?

இணையவழிப் பணமோசடி குறித்து வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடையளிக்கிறேன். எழுதியவர்களில் பலர் பணத்தை இழந்தவர்கள் என்பதால் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன். வங்கியில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு, இந்தக் கடிதங்களில் இருந்த தொகைகளைவிட, அவற்றில் திரும்பத் திரும்ப வந்த ஒரு வரிதான் அதிக வருத்தத்தைத் தந்தது. ‘வீட்டில் இன்னும் சொல்லவில்லை’ என்பதே அந்த வரி.

கேள்வி: எங்கள் வீட்டுத் தேக்குக் கட்டிலை விற்பதற்காக இணையத்தில் விளம்பரம் கொடுத்திருந்தேன். ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவர் பேரம் பேசாமலேயே 18,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டு, பாதித் தொகையை முன்பணமாகத் தருவதாகக் கூறி வாட்ஸ்அப்பில் க்யூஆர் குறியீடு ஒன்றை அனுப்பினார். அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டதும் என் கணக்கிலிருந்து 9,000 ரூபாய் போய்விட்டது. ‘தவறு நடந்துவிட்டது, சேர்த்துத் திருப்பி அனுப்புகிறேன்’ என்று அவர் இன்னொரு குறியீட்டை அனுப்ப, அதிலும் 9,000 போனது. நான்கு நாள்களாகிவிட்டன. கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. இனி ஏதாவது செய்ய முடியுமா?
— ஓர் இல்லத்தரசி, விருதுநகர்

பதில்: அம்மா, இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால் உங்களிடம் தொலைபேசியிலேயே பேசிவிட்டேன், நீங்களும் அன்றைக்கே புகார் கொடுத்துவிட்டீர்கள். மற்ற வாசகர்களுக்காகவே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

யுபிஐ முறையில் ரகசிய எண்ணுக்கு இருக்கும் வேலைகள் மிகச் சில. பணம் அனுப்புவது, இருப்பைப் பார்ப்பது, தானாகப் பணம் பிடித்துக்கொள்ள அனுமதி கொடுப்பது போன்றவை அவை. பணம் வாங்குவதற்கு அந்த எண் எந்த நிலையிலும் தேவைப்படாது. ஸ்கேன் செய்யவும் வேண்டியதில்லை. நம் கைப்பேசி அணைந்து கிடந்தாலும், நாம் உறங்கிக்கொண்டிருந்தாலும், நமக்கு வர வேண்டிய பணம் கணக்கில் வந்து விழும். கடைக்காரர் தம் குறியீட்டை நம்மிடம் நீட்டுகிறார், நாம் ஸ்கேன் செய்கிறோம், பணம் அவருக்குப் போகிறது. தினமும் நாம் செய்யும் இந்தக் காரியத்தைத்தான் அந்த ‘ராணுவ வீரரும்’ உங்களைச் செய்ய வைத்தார். பெயரை மட்டும் ‘பணம் பெறுதல்’ என்று மாற்றிச் சொன்னார்.

ரகசிய எண்ணைக் கேட்கும் அந்தத் திரையை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். கணக்கிருப்பைப் பார்க்கும்போது அதில் வங்கியின் பெயர் மட்டும் இருக்கும். பணம் அனுப்பும்போது, யாருக்குப் போகிறது, எவ்வளவு போகிறது என்ற இரண்டு விவரங்களும் மேல்பகுதியில் எழுதப்பட்டிருக்கும். நம் விரல் கீழே எண்களைத் தேடிக்கொண்டிருப்பதால் கண் மேலே போவதில்லை. எதிர்முனையில் இருப்பவர் இடைவிடாமல் பேசிக்கொண்டே இருப்பதும், ‘சீக்கிரம் போடுங்கள், நேரம் முடிந்துவிடும்’ என்று அவசரப்படுத்துவதும் அந்த இரண்டு வரிகளை நீங்கள் படித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். 2025 ஜூன் இறுதியிலிருந்து, அனுப்பும் முன் காட்டப்படும் பெயர், பெறுபவரின் வங்கிக் கணக்கில் பதிவான பெயராகவே இருக்க வேண்டும் என்று யுபிஐ அமைப்பை நடத்தும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் விதித்திருக்கிறது. ஆகவே, பேசுபவர் சொல்லும் பெயரும் திரையில் தெரியும் பெயரும் வேறாக இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம்.

இனி, பணம் போன பிறகு செய்ய வேண்டியது. முதல் வேலை 1930 என்ற எண்ணை அழைப்பது. உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்த உதவி எண்ணில் நாம் சொல்லும் விவரம், பணம் எந்த வங்கிக்குப் போனதோ அந்த வங்கிக்கு உடனே போகிறது. அங்கே பணம் இன்னும் இருந்தால் அதை எடுக்க முடியாதபடி நிறுத்தி வைக்கிறார்கள். அடுத்த கணக்குக்கு மாறியிருந்தால் புகாரும் அடுத்த வங்கிக்குத் தொடர்ந்து செல்கிறது. மோசடிக்காரர்கள் பணத்தை ஒரே இடத்தில் வைப்பதில்லை. நான்கைந்து கணக்குகளாகப் பிரித்துச் சில மணி நேரத்துக்குள் ஏடிஎம்மில் எடுத்துவிடுவார்கள். எனவே முதல் மணி நேரத்தில் செய்யும் அழைப்புக்கு இருக்கும் பலன் நான்காம் நாள் செய்யும் அழைப்புக்குக் கிடைப்பது அரிது. அழைக்கும்போது, யுடிஆர் எண் என்று வங்கியில் சொல்லப்படும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், பணம் போன தேதி, நேரம், தொகை, உங்கள் வங்கியின் பெயர் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். அதன் பிறகு சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புகாரை எழுத்தில் பதிவு செய்து, உங்கள் வங்கிக் கிளைக்கும் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் சைபர் கிரைம் காவல் நிலையம் இருப்பதால் நேரிலும் போகலாம்.

பணம் திரும்புமா என்பதற்கு நேர்மையான விடை சொல்ல வேண்டியிருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை மாதத்தில் வகுத்த விதியின்படி, வங்கியின் தவறும் இல்லாமல், வாடிக்கையாளரின் தவறும் இல்லாமல், வேறொரு இடத்தில் நேர்ந்த ஓட்டையால் பணம் போயிருந்து, வங்கியிடமிருந்து தகவல் வந்த 3 வேலை நாள்களுக்குள் நாம் தெரிவித்துவிட்டால் நமக்கு இழப்பே கிடையாது. 4 முதல் 7 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால், சாதாரணச் சேமிப்புக் கணக்கில் நம் பொறுப்பு அதிகபட்சம் 10,000 ரூபாய். ஆனால் ரகசிய எண்ணை நாமே போட்டிருந்தால் அதை வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றுதான் வங்கிகள் கொள்கின்றன. அப்போது, தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்முடையது, தெரிவித்த பிறகு நேரும் இழப்பு வங்கியுடையது. இந்தக் கடைசி வாக்கியத்தைப் பலரும் அறியாமல் இருக்கிறார்கள். முதல் தடவை பணம் போனதுமே வங்கிக்குச் சொல்லியிருந்தால், உங்களுடைய இரண்டாவது 9,000 ரூபாயாவது நின்றிருக்கும்.

வங்கி 30 நாள்களுக்குள் விடை சொல்லாவிட்டாலோ, சொன்ன விடை சரியில்லை என்று நீங்கள் கருதினாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். உங்கள் கணவரிடம் சொல்லிவிட்டீர்கள் என்று பின்னர் எழுதியிருந்தீர்கள். ‘ஏன் அன்றைக்கே சொல்லவில்லை’ என்று மட்டும் அவர் கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அவருக்கு என் வணக்கம்.

கேள்வி: முன்பின் தெரியாத ஒருவர் என் கணக்கில் சிறு தொகையைப் போட்டுவிட்டு, நான் இருப்பைப் பார்க்க ரகசிய எண்ணை அழுத்தும்போது பெரிய தொகையை உருவிவிடுவார் என்று ஒரு செய்தி உலவுகிறதே, உண்மையா?
— ஆசிரியர், ராசிபுரம்

பதில்: அந்த எச்சரிக்கை தமிழ்நாடு காவல்துறையின் சைபர் கிரைம் பிரிவின் பெயரில் பரவலாக வெளிவந்தது. அதையடுத்து, இருப்பைப் பார்ப்பதற்காகப் போடும் ரகசிய எண், உங்களிடம் பணம் கேட்டு வேறொருவர் செயலியில் அனுப்பிய கோரிக்கைக்குத் தானாக ஒப்புதலாகிவிடாது என்றும், கோரிக்கையைத் திறந்து ‘செலுத்து’ என்பதை அழுத்திய பிறகே பணம் போகும் என்றும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் விளக்கம் அளித்தது. மேலும், தனிநபர் ஒருவர் இன்னொரு தனிநபரிடம் செயலிவழியாகப் பணம் கோரும் வசதியே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. வணிகர்கள் அனுப்பும் கோரிக்கைகள் மட்டும் தொடர்கின்றன.

இருப்பினும் தெரியாதவர் போட்ட பணத்தை எடுத்துச் செலவழிக்கவும் வேண்டாம், ‘தவறாக அனுப்பிவிட்டேன்’ என்று அழுபவருக்கு நீங்களாகத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். பல சமயங்களில் பணமே வந்திருக்காது. பணம் வந்ததுபோல் ஒரு குறுஞ்செய்தி மட்டும் வந்திருக்கும். பாஸ்புக்கிலோ செயலியின் கணக்கு விவரத்திலோ உண்மையாகவே வரவாகியிருந்தால், அவருடைய வங்கி மூலமாகக் கேட்கச் சொல்லிவிட்டு, உங்கள் கிளைக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற என் தந்தைக்கு, மும்பை காவல்துறையிலிருந்து பேசுவதாக அழைப்பு வந்தது. அவருடைய ஆதார் எண்ணைக் கொண்டு அனுப்பப்பட்ட பார்சலில் போதைப்பொருள் இருந்ததாகவும், அவர் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ செய்யப்பட்டிருப்பதாகவும் சொல்லி, வீடியோ அழைப்பிலேயே ஒன்றரை நாள் உட்கார வைத்துவிட்டார்கள். வைப்புத்தொகையை உடைக்கப் போகும் நேரத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. படித்தவர், அரசுப் பணியில் இருந்தவர். அவர் எப்படி நம்பினார் என்பதே எங்களுக்குப் புரியவில்லை.
— மகள், திருச்சி

பதில்: நான் பணியிலிருந்த கடைசி ஆண்டில் எங்கள் கிளைக்கு ஒரு மூதாட்டி வந்தார். பாஸ்புக்கைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வைப்புத்தொகை ரசீதுகளை நான்காக மடித்து அதற்குள் வைத்திருந்தார். அவர் மடியில் இருந்த கைப்பேசியில் அழைப்பு துண்டிக்கப்படாமல் ஓடிக்கொண்டே இருந்தது. முதிர்வுக்கு இரண்டு மாதங்களே இருக்கும்போது ஏன் உடைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, ‘பேத்தி கல்யாணம்’ என்றார். எந்தத் தேதி என்று கேட்டதும் அவர் கண்கள் என்னை விட்டுவிட்டு மடிக்குப் போயின. கவுண்டரில் இருந்த பெண் ஊழியர் ஒரு துண்டுச் சீட்டில் ‘யாராவது மிரட்டுகிறார்களா அம்மா?’ என்று எழுதி நீட்டினார். அவர் தலையை மட்டும் அசைத்தார். கைப்பேசியை வாங்கி அணைத்த பிறகு, அவர் அழுது ஓய அரைமணி நேரத்துக்கு மேலாயிற்று. நாற்பது ஆண்டுகள் குடும்பத்தையும் கணக்குவழக்கையும் கட்டிக் காத்தவர் அவர். அறிவுக்குறைவால் யாரும் இதில் சிக்குவதில்லை, அம்மா. சட்டத்துக்குப் பயந்து, மானத்துக்கு அஞ்சி வாழ்ந்தவர்கள்தான் போலீஸ் என்ற சொல்லுக்கு முதலில் நடுங்குகிறார்கள். உங்கள் தந்தையிடம் ‘எப்படி நம்பினீர்கள்’ என்ற கேள்வியைத் தயவுசெய்து கேட்காதீர்கள்.

டிஜிட்டல் அரெஸ்ட் என்ற ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையாது. பிரதமரும் 2024 அக்டோபர் 27 அன்று தம் வானொலி உரையில் இதைத் தெளிவாகச் சொன்னார். உச்ச நீதிமன்றம் இந்த மோசடிகளைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்து, 2025 டிசம்பரில் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டிருக்கிறது. கைது என்றால் அதிகாரி நேரில் வர வேண்டும். கைது செய்யப்பட்டவரின் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லியே ஆக வேண்டும் என்பது சட்டம். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்தால் போதும்: ‘மனைவியிடம் சொல்லாதே, மகளிடம் சொல்லாதே, கதவைத் தாழிட்டுக்கொள்’ என்று ஒருவர் கட்டளையிட்டால், அந்தக் கட்டளையே அவர் போலீஸ் இல்லை என்பதற்குச் சான்று. சீருடை, பின்னால் தெரியும் தேசியக் கொடி, மேசைமேல் இருக்கும் அசோகச் சின்னம், வாட்ஸ்அப்பில் அனுப்பப்படும் முத்திரையிட்ட கடிதம் எல்லாம் வாடகைக்குக் கிடைப்பவை, அல்லது கணினியில் வரைந்தவை.

பணத்தை ரிசர்வ் வங்கியின் ‘சரிபார்ப்புக் கணக்குக்கு’ அனுப்புங்கள், குற்றமற்றது என்று தெரிந்ததும் திரும்பிவிடும் என்பார்கள். ரிசர்வ் வங்கி தனிநபர் பணத்தை இப்படிச் சோதித்துப் பார்ப்பதும் இல்லை, தனிநபர்களுக்குக் கணக்கு வைத்துக்கொள்வதும் இல்லை. இத்தகைய அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு 1930க்குச் சொல்லுங்கள். பணம் போகாவிட்டாலும், தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தின் ‘சக்‌ஷு’ பகுதியில் அந்த எண்ணைப் பதிவு செய்யலாம்.

கேள்வி: ‘இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்’ என்ற குறுஞ்செய்தியில் இருந்த எண்ணை அழைத்தேன். ‘10 ரூபாய் மட்டும் கட்டி விவரத்தைப் புதுப்பியுங்கள்’ என்று ஒரு செயலியை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். நான் நிறுவிவிட்டேன், பணம் இன்னும் போகவில்லை. என்ன செய்வது?
— தையலகம் நடத்துபவர், ஓசூர்

பதில்: கைப்பேசியை உடனே ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, வேறொருவர் கைப்பேசியிலிருந்து வங்கியின் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, இணையவங்கி, யுபிஐ, அட்டை மூன்றையும் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். உங்கள் கைப்பேசியிலிருந்தே எதையும் சரிசெய்ய முயல வேண்டாம். நீங்கள் நிறுவியது ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு. பிளே ஸ்டோரின் சோதனை எதையும் கடக்காமல் வாட்ஸ்அப் வழியாக நேரே உள்ளே வந்தது. நிறுவும்போது குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்டிருக்கும், நீங்களும் ‘அலவ்’ கொடுத்திருப்பீர்கள். அதன் பிறகு உங்களுக்கு வரும் ஓடிபி எல்லாம் அவர்களுக்கும் போய்ச் சேரும். சில செயலிகள் அந்தச் செய்தியை நீங்கள் பார்க்கும் முன்பே அழித்தும்விடும். செய்தியையும் அவர்களுடைய எண்ணையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, விவரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு கைப்பேசியை முழுவதும் அழித்து முதலிலிருந்து அமைத்துக்கொள்வதே நல்லது. கடவுச்சொற்களையும் ரகசிய எண்களையும் அதற்குப் பிறகுதான் மாற்ற வேண்டும்.

இதே கோப்பு கல்யாணப் பத்திரிகையாகவும், போக்குவரத்து அபராதச் சலானாகவும், விவசாயிகளுக்கான உதவித்தொகைப் பட்டியலாகவும் வேடம் போட்டு வருகிறது. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் நம்ப வேண்டாம். அவர் கைப்பேசியும் இதேபோல் பறிபோயிருக்கலாம். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும். ‘எனிடெஸ்க்’ போன்ற செயலியை நிறுவச் சொல்வதும் இதே இனம்தான். அந்தச் செயலி தன்னளவில் தீயதன்று. கணினி பழுது பார்ப்பவர்கள் பயன்படுத்துவது. ஆனால் அதன்மூலம் உங்கள் திரை முழுவதும் எதிரில் இருப்பவர் கைக்குப் போய்விடும் என்று ரிசர்வ் வங்கி 2019இலேயே வங்கிகளை எச்சரித்தது.

குறுஞ்செய்தியைப் பொறுத்தவரை ஓர் அடையாளம் உதவும். பதிவு பெற்ற நிறுவனங்களின் செய்தி 10 இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து வராது. எழுத்துகளாலான ஒரு பெயரில் வரும்; அந்தப் பெயரின் கடைசியில் ஒரு கோடும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். ‘ஜி’ என்றால் அரசு, ‘எஸ்’ என்றால் சேவை, ‘டி’ என்றால் பரிவர்த்தனை, ‘பி’ என்றால் விளம்பரம். மின் கட்டணம் பாக்கி இருக்கிறதா என்ற ஐயம் வந்தால், மின் வாரியத்தின் தளத்தில் உங்கள் இணைப்பு எண்ணைப் போட்டுப் பாருங்கள். அல்லது பிரிவு அலுவலகத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். செய்திக்குள் இருக்கும் எண்ணை மட்டும் அழைக்காதீர்கள். வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கென 1600 என்று தொடங்கும் எண்தொடர் ஒதுக்கப்பட்டிருக்கிறது. வங்கிகளின் இணையதள முகவரிகளும் டாட் பேங்க் டாட் இன் என்று முடியும்படி மாற்றப்பட்டுள்ளன. வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடி முதலில் கிடைப்பதை அழைப்பதைவிட, அட்டையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருப்பதை அழைப்பதே நல்லது.

கேள்வி: கடையில் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டைமேல் யாரோ வேறொரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அரைநாள் விற்பனை போய்விட்டது.
— பழக்கடை வியாபாரி, தேனி

பதில்: அட்டையைத் தெருவோரமாக இல்லாமல் கல்லாப் பக்கம் வையுங்கள், காலையில் கடை திறந்ததும் நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பாருங்கள். வாடிக்கையாளர் காட்டும் ‘வெற்றி’ திரையை நம்பாதீர்கள். அப்படியொரு திரையைக் காட்டுவதற்கென்றே போலிச் செயலிகள் உள்ளன. ஒலிப்பெட்டி தொகையைச் சொன்ன பிறகு பையை நீட்டுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர் ஒருவர் 1,240 ரூபாய்க்குச் சாமான் வாங்கி யுபிஐயில் பணம் செலுத்தினார். பத்து நாள் கழித்து என் நடப்புக் கணக்கு முழுவதையும் முடக்கிவிட்டார்கள். வேறு மாநிலப் போலீஸ் சொன்னதாக வங்கியில் கூறுகிறார்கள். நான் என்ன குற்றம் செய்தேன்?
— மளிகைக் கடைக்காரர், புதுக்கோட்டை

பதில்: நீங்கள் குற்றம் ஏதும் செய்யவில்லை, ஐயா. யாரோ ஒருவரிடம் பறித்த பணத்தில் ஒரு துளி, கை மாறி மாறி உங்கள் கல்லாவுக்கு வந்திருக்கிறது. அந்தப் பணம் போன வழியெங்கும் இருந்த கணக்குகளை நிறுத்தும்போது உங்களுடையதும் அகப்பட்டுக்கொண்டது. மேலே நான் புகழ்ந்து எழுதிய அதே 1930 ஏற்பாட்டின் மறுபக்கம் இது. 1,240 ரூபாய்க்காக ஒரு கடையின் முழு மூலதனத்தையும் முடக்கி வைப்பது நியாயமற்றது என்பதில் எனக்கு ஐயமில்லை. பாலுக்கும் முட்டைக்கும் அன்றாடம் பணம் கொடுத்தாக வேண்டிய மனிதர் ஒரு மாதம் எப்படிக் கடை நடத்துவார்?

வங்கியிடமிருந்து மூன்று விவரங்களை எழுத்தில் பெறுங்கள்: புகாரின் ஒப்புகை எண், எந்தக் காவல் நிலையம், சர்ச்சைக்குரிய தொகை எவ்வளவு. அதன் பிறகு, அன்றைய பில், சரக்கு இருப்புப் பதிவு, கடை உரிமம், ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அதன் நகல் ஆகியவற்றை இணைத்து, அந்தக் காவல் நிலையத்துக்கு மின்னஞ்சலும் பதிவு அஞ்சலும் அனுப்புங்கள். அதன் நகலை வங்கியின் குறைதீர் அதிகாரிக்குக் கொடுங்கள். சர்ச்சைக்குரிய 1,240 ரூபாயை மட்டும் எடுக்க முடியாதபடி நிறுத்தி (வங்கியில் இதை ‘லீன்’ என்பார்கள்) வைத்துவிட்டு, மீதிக் கணக்கை விடுவிக்கும்படி தெளிவாகக் கேளுங்கள். பல இடங்களில் இந்தக் கோரிக்கை ஏற்கப்படுகிறது. ஏற்காவிட்டால் வழக்கறிஞர் ஒருவரின் துணையோடு நீதிமன்றத்தை அணுகலாம். ‘500 கொடுங்கள், நான் எடுத்துத் தருகிறேன்’ என்று சமூக ஊடகங்களில் முன்வருபவர்களிடம் போக வேண்டாம். அது இரண்டாவது மோசடி.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். என் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு தொடங்கி, ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் கொடுத்தால் மாதம் 5,000 ரூபாய் தருவதாக சீனியர் ஒருவர் சொல்கிறார். ‘ஆன்லைன் வியாபாரத்துக்கு வரி பிரச்சினை வராமலிருக்க’ என்கிறார். கொடுக்கலாமா?
— மாணவர், கோயம்புத்தூர்

பதில்: கொடுக்காதீர்கள், தம்பி. ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே வங்கிக்குப் போய்க் கணக்கை நிறுத்தி, எழுத்தில் தெரிவியுங்கள். இந்த இதழில் நீங்கள் படித்த விருதுநகர் அம்மாவின் 18,000 ரூபாய் போய் விழுந்தது இப்படிப்பட்ட ஒரு கணக்கில்தான். ‘மியூல் அக்கவுண்ட்’ என்று காவல்துறையினர் சொல்வது இதைத்தான். பறிப்பவன் எங்கோ வெளிநாட்டில் இருக்கலாம், அவன் பெயர் எந்த ஆவணத்திலும் இருக்காது. பெயர், புகைப்படம், ஆதார், கையெழுத்து எல்லாம் உங்களுடையவை. போலீஸ் முதலில் வந்து தட்டும் கதவு உங்கள் வீட்டுக் கதவுதான்.

கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஏமாற்றிப் பணம் பெறுவதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவின்படி 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். ‘எனக்கு எதுவும் தெரியாது’ என்பதை நீங்கள் நிரூபித்து முடிக்கும்போது வளாக நேர்காணல்களும் பாஸ்போர்ட் விண்ணப்பமும் உங்களைக் கடந்து போயிருக்கும். அந்த சீனியரும் ஒருவேளை யாராலோ இப்படி இழுக்கப்பட்டவராக இருக்கலாம். அவரிடமும் இதைக் காட்டுங்கள். வீட்டில் பணத்தேவை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி உங்கள் துறைத் தலைவரிடம் பேசுங்கள். பல கல்லூரிகளில் கட்டணத்தைத் தவணையாகச் செலுத்த இடமுண்டு.

கேள்வி: எனக்கு 71 வயது. ஓய்வூதியக் கணக்கில்தான் யுபிஐ இணைத்திருக்கிறேன். இவ்வளவையும் கேள்விப்பட்ட பிறகு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பழையபடி வங்கி வரிசையில் நின்றுவிடலாமா என்று தோன்றுகிறது.
— ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, கும்பகோணம்

பதில்: வேண்டாம், அம்மா. மருந்துக்கடையில் சில்லறை தேடாமல் 86 ரூபாயைச் சரியாகக் கொடுத்துவிட்டு வரும் வசதியைத் திருடர்களுக்குப் பயந்து நீங்கள் இழக்க வேண்டியதில்லை. ஓய்வூதியக் கணக்கிலிருந்து மட்டும் யுபிஐ இணைப்பை நீக்கிவிட்டு, அதே கிளையில் இன்னொரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கி அதை இணைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு வேண்டிய மூவாயிரமோ நாலாயிரமோ மட்டும் அதில் இருக்கட்டும். ஏதேனும் நேர்ந்தாலும் போவது அதற்குள் அடங்கிவிடும். ஏடிஎம் அட்டையில் இணையவழிப் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் நிறுத்தி வைக்கும் வசதி 2020 அக்டோபரிலிருந்து எல்லா வங்கிகளிலும் இருக்க வேண்டும் என்பது விதி. கிளையில் கேட்டால் செய்து கொடுப்பார்கள். பத்திரப் பதிவு, முகவர் அலுவலகம் என்று பல இடங்களில் விரல் ரேகை வைத்திருப்பீர்கள் என்பதால், ஆதாரின் கைப்பேசிச் செயலியில் உங்கள் ரேகையைப் பூட்டி வைத்துவிடுங்கள். ரேகையை நகலெடுத்து, ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் சிறு கருவியில் வைத்து ஏமாற்றியவர்கள் உண்டு. ரேஷன் கடையிலோ வாழ்நாள் சான்றுக்கோ தேவைப்படும்போது தற்காலிகமாகத் திறந்துகொள்ளலாம்.

1930 என்ற எண்ணைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் சுவரில் எழுதி ஒட்டுங்கள், மகளின் எண்ணுக்கு மேலே. பதற்றத்தில் கண்ணாடி தேட நேரமிருக்காது. பெரிய எழுத்தில் எழுதுங்கள். திங்கள்கிழமை வங்கிக்குப் போகும்போது பாஸ்புக்கையும் ஆதாரையும் எடுத்துச் செல்லுங்கள். ஓய்வூதியக் கணக்கில் பதிவாகியிருக்கும் கைப்பேசி எண் இப்போது நீங்கள் பயன்படுத்துவதுதானா என்று முதலில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பணம் போனதைச் சொல்லும் குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குத்தான் வரும்.